குருவியை வடிகட்டியவர்

அறுபத்திரண்டு வயதில் தர்மேந்திரன் ஒரு பெரிய முடிவெடுத்தார். பெண்டாட்டியை ஏமாற்றுவது என்று.

முப்பத்தாறு வருட இல்வாழ்க்கையில் இதற்கு முன்னும் அவர் முயன்றதுண்டு. ஒருமுறை சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். துளசி சாம்பல் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அவர் ஒளிந்து புகைக்கும் குளியலறை ஜன்னலிலேயே கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் அந்தத் துறையில் இறங்கவில்லை.

இந்தத் தடவை விஷயம் வேறு. துளசியின் கைப்பேசி அவருக்கு வேண்டும். ஒரு நாலு மணி நேரத்துக்கு. ஏன் என்று அவள் கேட்கக் கூடாது.

ஆயர் தாவாரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், கடைசி வரிசை வீடு அவர்களுடையது. முன் அறைதான் தர்மேந்திரனின் பட்டறை. ரேடியோ, டிவி, ஒலிபெருக்கி, எதைக் கொண்டுவந்தாலும் பழுது பார்ப்பார். இப்போது யாரும் எதையும் கொண்டுவருவதில்லை. பழுதானால் தூக்கிப் போடுகிறார்கள். அவரும் காலை ஒன்பதுக்குக் கடையைத் திறந்து, உட்கார்ந்து, ஐந்துக்கு மூடுவார்.

ஒரே மகன் சுரேன். பதினைந்து மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில், சித்தியவானிலிருந்து மோட்டர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அடித்துப் போட்டுவிட்டது. வீட்டுக்கு இன்னும் மூன்று மைல்தான் இருந்தது.

வீட்டுக்குத்தான் வந்தானா, வேறெங்கும் போனானா என்று தர்மேந்திரனுக்குத் தெரியாது. அதற்கு முந்திய எட்டு மாதமாக அப்பனும் மகனும் பேச்சு வார்த்தை இல்லை. சுரேன் ஒரு பெண்ணை விரும்பினான். மெலிண்டா. சித்தியவான் லூர்துசாமியின் மகள். வேதக்காரப் பெண். தர்மேந்திரன் குதித்த குதியில் முன் அறை அலமாரியிலிருந்து இரண்டு டிவி விழுந்தது.

"அவளக் கட்டுனா, நான் செத்தாக்கூட இந்த வாசல மிதிக்காத!"

சுரேன் மிதிக்கவில்லை. சித்தியவானில் ஒரு மோட்டர் பட்டறையில் வேலை, மேலேயே ஓர் அறை. பிறகு நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் இந்த வாசலுக்குள் வந்தான். அன்றைக்கு கேட்டுக்கு வெளியே மழையில் ஒரு குடை நின்றது. குடைக்குக் கீழே யார் என்று தர்மேந்திரனுக்குத் தெரியும். கேட்டைச் சாத்தச் சொன்னவர் அவர்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. தினமும் காலையில் துளசி அடுப்படியில் நின்றுகொண்டு கைப்பேசியைக் காதில் வைத்து, சுரேன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைக் கேட்பாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. கேட்டுவிட்டு அரிசி களைவாள்.

ஒரே ஒரு தடவை தர்மேந்திரனும் கேட்டார். கெஞ்சிக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி நின்று கேட்டார்.

"அம்மா, சாப்ட்டியா? இங்க நல்ல மழைம்மா. அப்பாகிட்ட..."

அவ்வளவுதான். அதற்கு மேல் குருவி. சுரேன் வேலை செய்த பட்டறைக்குப் பக்கத்துக் கட்டடம் சூப்புக்கு விற்கும் குருவிக் கூட்டுக்கான கட்டடம். கூடு கட்டக் குருவிகளை வரவழைக்க, குருவி கத்துவதைப் பதிவு செய்து, மாடியில் ஒலிபெருக்கி வைத்து நாள் முழுக்க ஓட விடுவார்கள். அந்தச் சத்தம் சுரேன் குரலின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

"அப்பாகிட்ட என்னவாம்?" என்று கேட்டார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"குருவி கத்துதுங்க" என்றாள் துளசி.

"உனக்குப் புரியலையா?"

"காதுதான இருக்கு எனக்கு. ஒங்கள மாதிரி மெசினா இருக்கு?"

அன்றிலிருந்து தர்மேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாகிட்ட என்ன? மன்னிச்சிட்டேன்னு சொல்லவா? மன்னிக்கவே மாட்டேன்னு சொல்லவா? இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும். தெரியாமல் இருப்பதுதான் நெஞ்சில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. ஆனால் வாயைத் திறந்து "அந்தப் பதிவைக் கொடு" என்று கேட்க முடியுமா? இனி இந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தானே.

அப்போதுதான் ஒரு நாள் துளசி வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுப் புஷ்பலதாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "அந்தக் கால ரேடியோவுல எரைச்சல் வந்தா குமிழத் திருப்புவோம், போயிடும். இப்ப போன்ல குமிழும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, என்னா போன் லா இது?"

தர்மேந்திரனின் மூளையில் விளக்கு எரிந்தது. ஆகா! குமிழ்! குருவிச் சத்தம் ஒரு குறிப்பிட்ட சுதியில்தான் இருக்கும். அந்தச் சுதியை மட்டும் பிடித்து நிறுத்தும் ஒரு சர்க்கிட். குமிழைத் திருப்பத் திருப்ப, நிறுத்துகிற இடம் மேலும் கீழும் நகர வேண்டும். குருவி எங்கே நிற்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் பொருத்தினால், குருவி காலி. மகன் மிச்சம்.

நாற்பது வருட அனுபவத்தில் தானே கண்டுபிடித்த யோசனை என்று அவருக்கு ஒரே பெருமை.

பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். ஐசி, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. இரண்டு குமிழ். ஒன்று எந்தச் சுதியை வெட்டுவது என்பதற்கு. இன்னொன்று எவ்வளவு அகலமாக வெட்டுவது என்பதற்கு. அகலமாக வெட்டினால் குருவியோடு மகனும் போய்விடுவான். ஒடுக்கமாக வெட்டினால் குருவி தப்பித்துவிடும். மூன்றாம் நாள் ஈயப் புகை அடுப்படி வரைக்கும் போயிற்று. துளசி வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

பதில் தயாராக வைத்திருந்தார். "கோயிலுக்கு. மைக்குல பேசுனா ஊய்னு கத்துதுல்ல, அந்தச் சத்தத்த மட்டும் எடுக்க. வடிகட்டி."

"வடிகட்டியா?"

"ஆமா. தேத்தண்ணி வடிகட்டுனா சக்கை மட்டும் நிக்கும்ல? அதே மாதிரி, வேண்டாத சத்தம் மட்டும் நின்னுடும்."

"இந்த வீட்டுல ஏற்கனவே வடிகட்டுனது ஒண்ணு இருக்கே, போதாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தர்மேந்திரன் சிரித்துக்கொண்டார். நம்பிவிட்டாள்!

மறுநாள் காலை கோயில் செயலாளர் பத்துமலை பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே! துளசி தங்கச்சி சொன்னிச்சு. கோயிலுக்கு மெசின் செய்றீங்களாமே!"

தர்மேந்திரன் உருக்கிக்கொண்டிருந்த ஈயம் பிஸ்கட் டின்னில் விழாமல் தொடையில் விழுந்தது.

"அது... இன்னும் முடியல லா."

"எப்ப முடியும்? திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரந்தான். நான் கமிட்டில சொல்லிட்டேன்."

"என்னான்னு?"

"தர்மேந்திரன் அண்ணே மகன் ஞாபகார்த்தமா கோயிலுக்கு மெசின் குடுக்கறாருன்னு. எல்லாரும் கண் கலங்கிட்டாங்க அண்ணே."

தர்மேந்திரனுக்கும் கண் கலங்கியது. தொடை வேறு எரிந்தது.

"யாரு அப்படிச் சொன்னது?"

"தங்கச்சிதான்."

இனி அதை முடிக்காமல் விட முடியாது. பாதியில் கைவிட்டுப் பழையபடி தண்ணீர் குடிக்கிறவர்போல் நிற்கவும் முடியாது. பத்துமலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து "முடிஞ்சிச்சா?" என்றார். டின்னுக்கு மூடி போட்டாயிற்று, குமிழ் பொருத்தியாயிற்று. பட்டறையில் கிடந்த ரேடியோவை ஓட விட்டுப் பார்த்தார். விசில் ஊதி, விசில் சத்தத்தை மட்டும் வெட்டிப் பார்த்தார். வேலை செய்தது. பாக்கி, கைப்பேசி மட்டும்தான்.

துளசி சனிக்கிழமைதோறும் காலை பஸ் ஏறிச் சித்தியவானுக்குப் போவாள். பெருமாளுக்கு வேண்டுதல் என்றாள். மகன் போன பிறகு எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று தர்மேந்திரன் ஒன்றும் கேட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் புறப்படும்போது முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"துளசி, உன் போன் பேட்டரி உப்பியிருக்குற மாதிரி தெரியுது."

"அப்படியா?"

"வெடிச்சிடும். அவசரமாப் பாக்கணும். வெச்சிட்டுப் போ."

துளசி கைப்பேசியை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். "பாருங்க. பூட்டு எடுத்துட்டேன். வயர் சொருகுற ஓட்டை கீழ இருக்கு."

"பேட்டரி பாக்க எனக்கு எதுக்கு அந்த ஓட்டை?"

"தெரியல. சொன்னேன்" என்றாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துடறேன். அது வரைக்கும் போதுமில்ல?"

போதும் என்று தலையாட்டினார். அப்பாவி! முப்பத்தாறு வருடத்தில் இவ்வளவு சுலபமாக அவள் ஏமாந்ததே இல்லை.

பட்டறைக் கதவைச் சாத்தினார். கைப்பேசியிலிருந்து டின்னுக்கு ஒரு வயர், டின்னிலிருந்து காதுக்கு ஒரு வயர். பதிவை ஓட விட்டார்.

குருவி. தெள்ளத் தெளிவாகக் குருவி. தேன் மாதிரி இழைந்தது. மகனைக் காணோம். வயரை ஐசியின் தப்பான காலில் பற்றவைத்துவிட்டார். நிறுத்த வேண்டியதை விட்டு, விட வேண்டியதை நிறுத்தியது டின். தன் கையால் இன்னொரு தடவை அவனை வெளியே நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது.

கழற்றி, மாற்றி, ஈயம் வைத்தார். திரும்ப ஓட விட்டார். குமிழைத் திருப்பினார். குருவி அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம். ஓர் இடத்தில் குருவிகள் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் அமுங்கின. இன்னும் மயிரிழை. அமுங்கி, தூரத்தில் போய், போயே விட்டன.

சுரேன் ஏதோ தகர டப்பாவுக்குள் நின்று பேசுவதுபோல் பேசினான். குருவியோடு அவன் குரலிலும் கொஞ்சம் போயிருந்தது. ஆனால் அவன்தான்.

"அம்மா, சாப்ட்டியா? இங்க நல்ல மழைம்மா. அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா. மெலிண்டாவுக்கு மூணு மாசம். அவருக்குத் தெரிஞ்சா இங்க வந்து சத்தம் போடுவாரு. அவ ரொம்பப் பயப்படுறா. பொறக்கட்டும். பொறந்ததும் நானே தூக்கிட்டு வந்து அவரு கையில குடுத்துடறேன். அப்பயும் வெரட்டுனாருன்னா, பாத்துக்கலாம். நீ சொல்லிடாத, என்னா? வெச்சிடறேன்."

மறுபடி ஓட விட்டார். மறுபடியும். விரல் விட்டு எண்ணினார். அன்றைக்கு மூன்று மாதம். பிறகு ஆறு மாதத்தில் பிறந்திருக்கும். இப்போது ஒன்பது மாதம். ஒன்பது மாதப் பிள்ளை தவழும். பல் முளைத்திருக்கும்.

அந்தக் குடை ஞாபகம் வந்தது. அந்தக் குடைக்குக் கீழே இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்குத் துளசி வந்தபோது பட்டறைக் கதவு சாத்தியே இருந்தது. அவள் தள்ளித் திறந்தாள். தர்மேந்திரன் காதில் மாட்டியதைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் ஒன்றும் ஓடவில்லை.

"பேட்டரி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எங்க போய்ட்டு வார?"

"சித்தியவான்."

"கோயிலுக்கா?"

"எந்தப் பெருமாளுங்க வாராவாரம் பால் பவுடர் கேக்குறாரு?"

"பொண்ணா, பையனா?"

"பையன்."

"பதினஞ்சு மாசம், துளசி. ஒரே வீடு. ஒரே பானைச் சோறு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

துளசி கைப்பையைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "சொல்லாதன்னு சொல்லிட்டுப் போய்ட்டான். குருவிச் சத்தத்துல கேக்கலடான்னு அன்னைக்கே போன் போட்டுக் கேட்டேன். திரும்பவும் அதத்தான் சொன்னான். அவன் இருந்தா, சொல்லிடட்டுமாடான்னு கேட்டிருப்பேன். இல்லாதவன்கிட்ட யார் போயிக் கேக்கிறது? அவன் கடைசியாக் கேட்ட ஒண்ணு. நான் எப்படி மீறுவேன்?"

"இப்ப மட்டும்?"

"இப்பயும் நான் சொல்லலையே" என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்களாத்தான கேட்டீங்க."

தர்மேந்திரன் நடந்ததையெல்லாம் மனசில் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வேலியோரப் பேச்சு. குமிழ். கமிட்டி. பூட்டு எடுத்த கைப்பேசி.

"அப்ப, இந்த வடிகட்டி..."

"பத்து மாசமா யோசிச்சேன். ஒங்களுக்கா தோணும் தோணும்னு பாத்தேன். தோணல. அப்புறந்தான் புஷ்பலதாகிட்டக் கொஞ்சம் சத்தமாப் பேசுனேன். பாதியில போட்டுடுவீங்கன்னுதான் பத்துமலை அண்ணேகிட்டயும் சொல்லி வெச்சேன்."

தர்மேந்திரன் எழுந்து சட்டையைத் தேடினார். "வா, போலாம்."

"எங்க?"

"பிள்ளையப் பாக்க."

"ஒக்காருங்க." அவள் குரலில் ஈரம் காய்ந்துவிட்டது. "அவ அப்பா லூர்துசாமி என்னா சொல்லியிருக்காரு தெரியுமா? வயித்துப் பிள்ளைக்காரிய மழையில நிக்க வெச்சவன் எவனோ, அவன் என் கேட்டத் தொட்டா கையிருக்காதுன்னு. நான் போனதுக்கே முதல்ல மூணு வாரம் கேட்டு வெளியதான் நின்னேன். அன்னைக்கு நம்ம கேட்டுல அவ குடை, அங்க என் குடை."

அவர் உட்கார்ந்தார்.

"வாற ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் வீட்டுலயே பந்தல் மாதிரி கெமா போட்டுச் சாப்பாடு. அங்கயும் மைக்கு ஊய்னு கத்துதாம். எனக்குத் தெரிஞ்ச மைக்குக்காரரு ஒருத்தர் இருக்காரு, வருவாருன்னு சொல்லிட்டேன்."

"யாரது?"

துளசி அவரையே பார்த்தாள்.

"நானா?"

"லூர்துசாமிக்கு ஒங்க மூஞ்சி தெரியாது. மெலிண்டாவுக்குத் தெரியும். ஆறு மாசமா அவகிட்டக் கேட்டு, இப்பதான் சரின்னா. பாத்துட்டுப் போகலாம். யாருன்னு சொல்லக் கூடாது. தூக்கக் கூடாது. பிள்ளைய அவளா எப்பக் குடுக்கணும்னு தோணுதோ அப்பத்தான்."

"எப்பத் தோணும்?"

"அதுக்கு ஒங்ககிட்டக் குமிழ் கிமிழ் இருந்தாத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை துளசி முந்திய பஸ்ஸில் போனாள். தர்மேந்திரன் அடுத்த பஸ்ஸில், மடியில் பிஸ்கட் டின்னோடு. மகன் விழுந்த வளைவு வந்தபோது டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லூர்துசாமி ஆள் உயரம், வெள்ளைச் சட்டை. கேட்டைத் திறந்துவிட்டார்.

"மைக்குக்காரரா? வாங்கண்ணே, வாங்க. சுரேன் அம்மா சொன்னாங்க. பாவம், அவங்க தனியாத்தான் வாராங்க. புருசன் ஒரு மாதிரி ஆளு."

"கேள்விப்பட்டேன்" என்றார் தர்மேந்திரன்.

கெமாவுக்கு அடியில் ஐம்பது அறுபது பேர். மெலிண்டா வெள்ளை உடுப்பில் பிள்ளையை வைத்திருந்தாள். அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஜெபம் சொல்ல வந்தவர் மைக்கைப் பிடித்ததும் அது ஊய் என்று காதைக் கிழித்தது. பிள்ளை வீறிட்டது. தர்மேந்திரன் டின்னை நடுவில் மாட்டிக் குமிழைத் திருப்பினார். ஊளை மெலிந்தது, இழையாயிற்று, அறுந்தது.

அந்த அமைதியில் ஜெபம் சொன்னவரின் குரல் சுத்தமாக ஒலித்தது. "இந்தப் பிள்ளை ஜெரமி சுரேனை ஆசீர்வதியும்."

தர்மேந்திரன் குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போடவில்லை போலிருக்கிறது. தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தது. பிறகு அவர் பக்கம் பார்த்தது. அவர் வயரைச் சுற்றுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

சாப்பாடு ஆனதும் லூர்துசாமி வந்து அவர் முதுகில் தட்டினார். "பிரமாதம் அண்ணே! ஒரு சத்தம் இல்ல. இன்னும் ஒரே ஒரு ஒதவி. எல்லாரும் சேந்து ஒரு படம் புடிக்கணும். குடும்பத்து ஆளுங்க எல்லாரும் நிக்கிறோம், வெளியாள் நீங்க ஒருத்தர்தான் சும்மா இருக்கீங்க. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றுகொண்டார். லூர்துசாமி, அவர் மனைவி பெட்ரீசியா, அவள் தோளை ஒட்டி மெலிண்டா, சுற்றிலும் சொந்தக்காரர்கள். நடு நாற்காலியில் துளசி. மெலிண்டா பிள்ளையைத் துளசியின் மடியில் வைத்தாள்.

தர்மேந்திரன் கைப்பேசியை உயர்த்தினார். திரைக்குள் எல்லாரும் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கலங்கி, ஒருவர்மேல் ஒருவர் ஏறி, தண்ணீருக்குள் நிற்பவர்கள்போல் ஆனார்கள். அவர் அழுத்தவேண்டிய பொத்தான் எங்கே என்று தெரியவில்லை.

"கை ஆடுது பாருங்க" என்றாள் துளசி, பேரனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. "நேராப் புடிச்சு எடுங்கண்ணே."